கொடி வாடும் முன்பே கண்டுபிடிப்பது எப்படி? திராட்சைப் பந்தலில் நீர்வாட்டம் அளக்கும் முறை

கம்பம் பள்ளத்தாக்கில் புதிதாகத் திராட்சைப் பந்தல் போட்டவர்களிடம் எப்போது தண்ணீர் விடுகிறீர்கள் என்று கேட்டால், வாரம் ஒரு தடவை என்பார்கள்; இல்லாவிட்டால் மும்முனை கரண்ட் வரும்போது என்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதும் தானும் போய் சுவிட்சைத் தட்டுபவர்களும் உண்டு. இந்தப் பதில்கள் எதிலும் கொடி வருவதே இல்லை.

திராட்சை லேசில் சாகாது. சிக்கலே அங்குதான் இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் தக்காளிச் செடி மதியமே தலையைத் தொங்கப் போட்டுக் காட்டிவிடும். திராட்சை காட்டாது. இலைத் துளைகளை மூடிக்கொண்டு, கொழுந்து விடுவதைக் குறைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சமாளிக்கும். இலை வாடித் தொங்குவது கண்ணுக்குத் தெரியும்போது பிஞ்சுகளின் பருமனில் இழக்க வேண்டியதை இழந்திருப்போம். அதற்குப் பயந்து தண்ணீரை அள்ளி விட்டால் வேறு தொல்லை: பந்தல் மேலே இலை மண்டும், அடிச்சாம்பல் நோய்க்கு வசதியாகும், பழம் நிறம் ஏறாமல் செம்பச்சையாகவே நிற்கும், அறுவடை நேரத்தில் வெடிக்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு விலையே அந்தக் கருநீல நிறத்துக்கும் வாசத்துக்கும்தான்.

அதனால் கொடிக்கு எவ்வளவு தாகம் என்று அளந்து பார்த்துத் தண்ணீர் விடுவது நல்லது. காசில்லாமல் செய்யக்கூடிய சோதனைகளில் ஆரம்பித்து, கருவி வைத்து அளப்பது வரை வரிசையாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் எல்லாரும் செய்ய வேண்டியதில்லை. முதல் இரண்டை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியது போலத்தான்.

எதை அளக்கிறோம்

இளநீரை உறிஞ்சுகுழல் போட்டுக் குடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சுவது இலை, குழல் தண்டு, அடியில் இருக்கும் தண்ணீர் மண்ணில். மண்ணில் ஈரம் நிறைய இருந்தால் லேசாக இழுத்தாலே வரும். ஈரம் குறையக் குறைய இலை பலமாக இழுக்க வேண்டும். அந்த இழுவிசையைத்தான் அளக்கிறோம். அலகு 'பார்'. ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். புத்தகங்களில் மெகாபாஸ்கல் என்று போட்டிருந்தால் பத்தால் பெருக்குங்கள், பார் கிடைத்துவிடும். இழுவிசை என்பதால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போடுவது வழக்கம். தோட்டத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'எட்டு', 'பன்னிரண்டு' என்றுதான் பேச்சு. இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன். எண் கூடினால் வாட்டம் கூடுகிறது, அவ்வளவுதான்.

முதலில் தோட்டத்தைப் பிரியுங்கள்

அளவெடுக்கும் முன் இதை முடித்துவிடுங்கள். ஒரே ரகம், ஒரே மண், ஒரே நாளில் கவாத்து செய்த (கிளைகளை வெட்டிவிட்ட) பகுதி: இது ஒரு பிரிவு. நம் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் ஒரு பாதி பூவிலும் இன்னொரு பாதி அறுவடையிலும் நிற்பது சாதாரணம். இரண்டுக்கும் ஒரே வால்வில் தண்ணீர் போனால் எந்தக் கருவியாலும் பயன் இல்லை. கவாத்து தேதிப்படி வால்வைப் பிரிப்பதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பிரிவிலும் உள்பக்கத்துக் கொடிகளாகப் பார்த்து நான்கைந்தைத் தேர்ந்து, கல்தூணில் பெயிண்டால் அடையாளம் வையுங்கள். பந்தல் ஓரத்துக் கொடிகள் வேண்டாம். ஓரத்தில் வெயிலும் காற்றும் அதிகம். ஆடிக் காற்றில் ஓரத்துக் கொடி காட்டும் வாட்டம் நடுவில் இருப்பதற்குப் பொருந்தாது. நோய் தாக்கியது, நோஞ்சானாக இருப்பது, டிரிப்பர் (சொட்டுநீர்க் குழாயில் நீர் சொட்டும் முனை) அடைத்தது எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் இதே கொடிகளைத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணும் கையும்

பிற்பகல் இரண்டு மணிக்கு, நல்ல வெயிலில், வெயில் படும் இலை ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் கிடைக்கும் கொடியின் இலை குளுமையாக இருக்கும். ஆவியாகும் நீர் அதைக் குளிர வைக்கிறது. துளைகளை மூடிவிட்ட இலை வெதுவெதுப்பாகச் சுடும். துப்பாக்கி மாதிரி பிடித்துப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் அதையே எண்ணாகப் பார்க்கலாம். ஒரே நேரத்தில், ஒரே பக்கத்து இலைகளை ஒப்பிடுங்கள். காலையில் எடுத்ததையும் மதியம் எடுத்ததையும் ஒப்பிட்டால் குழப்பம்தான்.

அடுத்தது சுருள் கம்பி. கொழுந்துக்குப் பக்கத்தில் பந்தல் கம்பியைப் பற்றிக்கொள்ள நீட்டுகிறதே, அதுதான். கொடி செழிப்பாக ஓடும்போது சுருள் கம்பிகள் நுனியைத் தாண்டி முன்னால் விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் குறையத் தொடங்கியதும் முதலில் சோர்வது இவைதான்: தொங்கும், பிறகு காய்ந்து உதிரும். அப்புறம்தான் கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி குறையும், இலைகள் வெயிலுக்கு முகம் கொடுக்காமல் பக்கவாட்டில் திரும்பும், அடி இலைகள் மஞ்சளாகும். அடி இலை பழுத்த பிறகு கண்டுபிடித்தால் அது அளவெடுப்பு அல்ல, பிரேதப் பரிசோதனை.

நுனி எண்ணுதல்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. செலவு ஒன்றும் கிடையாது. தெற்கு பிரான்ஸின் திராட்சைக்காரர்கள் பல காலமாகச் செய்து வருகிறார்கள். இப்போது அதற்கென்றே 'ஏபெக்ஸ்-வீன்' என்று ஒரு செல்போன் செயலியும் வைத்திருக்கிறார்கள். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் நமக்குப் போதும்.

ஒரு கொழுந்தின் நுனியைப் பிடித்து, கடைசியாக விரிந்த இரண்டு இலைகளை நுனியோடு சேர்த்து மேல்நோக்கி மடித்துப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு படிந்தது போன்ற குருத்து, அந்த இலைகளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தால் முழு வளர்ச்சி. இலைகள் குருத்தை மூடி மறைத்துவிட்டால் வளர்ச்சி தளர்ந்திருக்கிறது. குருத்து காய்ந்தோ உதிர்ந்தோ போயிருந்தால் நின்றுவிட்டது. பிரிவு முழுக்க நடந்து 50 நுனிகளை இப்படிப் பாருங்கள். முழு வளர்ச்சிக்கு 1, தளர்ச்சிக்கு அரை, நின்றதற்கு 0. கூட்டி 50-ஆல் வகுத்தால் 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண் வரும். 30 முழு வளர்ச்சி, 15 தளர்ச்சி, 5 நின்றது என்றால் 37.5-ஐ 50-ஆல் வகுத்து 0.75.

ஒரு தடவை எடுத்த எண்ணில் பெரிதாக ஒன்றுமில்லை. வாரம் ஒரு முறை எடுத்து, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். பூ முடிந்து பிஞ்சு பிடித்த புதிதில் சட்டென்று இறங்கினால் தண்ணீர் போதவில்லை என்ற சந்தேகம் வர வேண்டும். பழம் நிறம் வாங்கும் நேரத்தில் மெதுவாக இறங்கினால் நல்ல செய்தி. அப்போதும் கொழுந்து ஓடிக்கொண்டே இருந்தால்தான் தண்ணீர் அதிகம்.

இரண்டு எச்சரிக்கைகள். நுனி கிள்ளிய கிளைகளில் இது செல்லாது. பக்கக் கிளைகளின் நுனியைத்தான் பார்க்க வேண்டும். நோயோ சத்துக் குறைவோ குருத்தைக் கருக்கியிருந்தாலும் தண்ணீர்மேல் பழி போடக் கூடாது. பந்தலில் இன்னொரு நடைமுறைச் சங்கடமும் உண்டு: நுனிகளெல்லாம் மேலே, நாம் கீழே. ஒரு ஸ்டூல் இல்லாமல் இந்த வேலை நடக்காது. ஓரத்தில் தொங்கும் நுனிகளைக் கைக்கு எட்டுகிறது என்பதற்காக எண்ணிவிட்டுப் போகாதீர்கள்.

மண்ணையும் கேளுங்கள்

மண் துளைப்பான் ஒன்றால் டிரிப்பரிலிருந்து ஓர் அடி தள்ளி, ஓர் அடி ஆழத்திலும் இரண்டடி ஆழத்திலும் மண் எடுங்கள். செம்மண்ணைக் கையில் அழுத்தினால் உருண்டை பிடித்து, லேசாகத் தட்டினால் உடையாமல் இருந்தால் ஈரம் உண்டு. உருண்டையே பிடிக்காமல் உதிர்ந்தால் இல்லை. மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் பார்த்து மோட்டார் போடுவது நம் ஊரில் அதிகம். வேர் குடிப்பது அங்கிருந்து அல்ல.

கருவி வேண்டுமென்றால் டென்சியோமீட்டர். அடியில் பீங்கான் முனை, உள்ளே தண்ணீர், மேலே ஒரு மானி. ஓர் அடியில் ஒன்று, இரண்டடியில் ஒன்று எனப் பதிக்க வேண்டும். மண் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் இழுவிசையை மானி சென்டிபாரில் (பாரில் நூறில் ஒரு பங்கு) காட்டும்: 10-க்குக் கீழே மண் சொதசொதப்பு, 10 முதல் 30 வரை நல்ல ஈரம், 30-ஐத் தாண்டி 60-க்குள் தண்ணீர் விட யோசிக்க வேண்டும். 80-ஐ ஒட்டிப் போனால் முனை வழியாகக் காற்று புகுந்து மானி சுழிக்குத் திரும்பிவிடும். அதைப் பார்த்து மண் நனைந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். குழாயைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி இன்னும் எளிது. குத்தினால் விளக்கு எரியும்: நீலம், பச்சை என்றால் கவலையில்லை, ஆரஞ்சு என்றால் பாய்ச்சலாம், சிவப்பு என்றால் உடனே.

மண் சொல்வது பாதிதான். போர் தண்ணீர் உப்பாக இருந்தாலும், வேரில் அழுகலோ நூற்புழுவோ இருந்தாலும், மண் ஈரமாக இருக்கும்போதே கொடி தாகத்தில் நிற்கும். அதைக் கொடியிடம்தான் கேட்க முடியும்.

பிரஷர் சேம்பர்

இதைத் தோட்டக்காரர்கள் 'பிரஷர் பாம்' என்றும் சொல்வார்கள். கனமான இரும்புக் கிண்ணம், அதன் மூடியில் ரப்பர் ஓட்டை, ஒரு மானி, காற்றழுத்தம் கொடுக்க ஒரு வழி. இலையை உள்ளே வைத்து, காம்பின் வெட்டு முனை மட்டும் ஓட்டை வழியாக வெளியே தெரியும்படி மூடி, உள்ளே அழுத்தத்தை ஏற்றுவோம். கொடியிலிருந்து வெட்டியதும் காம்புக்குள் பின்னுக்கு ஓடிய சாறு, அழுத்தம் ஏற ஏறத் திரும்பி வந்து வெட்டு முனையைத் தொடும். அந்தக் கணத்தில் மானி காட்டும் எண்தான் இலை இழுத்துக்கொண்டிருந்த விசை.

1965-ல் அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த பெர் ஸ்கொலாண்டரும் அவருடைய கூட்டாளிகளும் இந்த முறையை உலகுக்குக் காட்டினார்கள். வானளாவிய மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அளந்தார்கள். நமக்கு ஸ்டூல் போதும்.

கருவியில் இரண்டு வகை. ஒன்று நைட்ரஜன் சிலிண்டர் இணைப்பது. இன்னொன்று சைக்கிள் பம்பு போலக் கையால் அடித்து ஏற்றுவது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்துப் பிஎம்எஸ் நிறுவனம் இப்படி ஒன்றைச் செய்கிறது. சிலிண்டர் தூக்கும் வேலையும் அபாயமும் இல்லாததால் புதியவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாக வாங்க வேண்டிய பொருள் அல்ல இது. உழவர் உற்பத்தியாளர் குழுவில் ஒன்று வாங்கிச் சுற்றில் விட்டால் கட்டுப்படியாகும்.

எந்த இலை, எந்த நேரம் என்பதில் மூன்று வழிகள் உண்டு. விடிவதற்கு முன் எடுப்பது ஒன்று: இரவெல்லாம் கொடி ஆசுவாசம் அடைந்திருக்கும், எண் ஏறக்குறைய வேருக்கடி ஈரத்தையே சொல்லும். ஆனால் சொட்டுநீர்த் தோட்டத்தில் டிரிப்பருக்கு அடியில் ஒரு கை அளவு ஈரம் இருந்தாலே கொடி இரவில் அதனோடு சமன் ஆகிவிடும். மற்ற வேரெல்லாம் காய்ந்து கிடப்பது தெரியாது. இரண்டாவது, மதிய வெயிலில் நிற்கும் இலையை அப்படியே எடுப்பது. கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் இதுதான். மூன்றாவது தண்டு அளவு: இலையை முன்கூட்டியே பையில் மூடி, மூச்சு விடவிடாமல் வைத்து, தண்டின் இழுவிசைக்குச் சமமாக வந்த பிறகு எடுப்பது.

பந்தல் தோட்டத்துக்கு என் சிபாரிசு மூன்றாவது. வெயில் படும் இலை பந்தலுக்கு மேலே. ஒவ்வொன்றுக்கும் ஏற வேண்டும். தண்டு அளவுக்கோ நிழலில் இருக்கும், நடுத்தண்டுக்குப் பக்கத்து இலைதான் வேண்டும். அது நம் தலைக்கு மேலேயே தொங்குகிறது. மேகம் ஒரு நொடி மறைத்தால் எண் ஆடுவதும் இதில் குறைவு.

செய்யும் முறை:

1. வெயில் அடிக்கும், இலை நனையாத நாளாகப் பாருங்கள். தண்ணீர் விடுவதற்கு முந்தைய நாள் சிறந்தது. தேனிப் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டரை மணியை ஒட்டி. அளவெடுப்பதைப் பன்னிரண்டுக்கு ஆரம்பித்து ஒன்றரைக்குள் முடித்துவிடுங்கள்.

2. பதினொரு மணிக்கு முன்பே, அடையாளமிட்ட ஒவ்வொரு கொடியிலும் முற்றிய, கிழியாத, பூச்சி கடிக்காத இரண்டு இலைகளைப் பையில் மூடுங்கள். பிளாஸ்டிக் ஜிப் பைமீது சமையலறை அலுமினியத் தாள் சுற்றினால் போதும்; பளபளப்புப் பக்கம் வெளியே. ஒரு மணி நேரமாவது மூடியிருக்க வேண்டும்.

3. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண் கூசாமலிருக்க அல்ல. அழுத்தத்தில் காம்பு தோட்டா போலத் தெறித்து வரலாம். முகத்தை மூடிக்கு நேர் மேலே கொண்டுபோகாமல், பக்கவாட்டிலிருந்து பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

4. புதிய பிளேடால் காம்பை ஒரே வெட்டாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் நசுக்கிவிடும். பையைக் கழற்ற வேண்டாம். பையோடு மடித்துக் கிண்ணத்தில் வையுங்கள். வெட்டியதிலிருந்து மூடி இறுகுவது வரை அரை நிமிடத்துக்குள் இருக்கட்டும். மறுபடி மறுபடி காம்பை நறுக்கினால் எண் கெட்டுவிடும்.

5. அழுத்தத்தை மெதுவாக ஏற்றுங்கள். நொடிக்கு அரை பாருக்கு மேல் வேண்டாம். எதிர்பார்க்கும் எண் நெருங்கும்போது இன்னும் மெதுவாக.

6. சாறு தெரிந்ததும் நிறுத்தி, எண்ணைக் குறியுங்கள். அழுத்தம் முழுவதும் இறங்கிச் சுழிக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

சாறு தெரிவது என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பூதக்கண்ணாடியில் காம்பின் வெட்டு முகம் வெளிர்ப் பச்சையாக, மங்கிக் காய்ந்து தெரியும். நடுவில் பஞ்சு போன்ற சோறு, அதைச் சுற்றி வளையமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். சாறு வருவது அந்தப் புள்ளிகளில். முதலில் வளையம் ஒரு நிழல் விழுந்தது போலக் கருக்கும். அடுத்த நொடியில் வெளிச்சம் பட்டு மினுங்கும். கருத்து மினுங்குகிற அந்த இடம்தான் கணக்கு. தண்ணீர் முத்தாகத் திரண்டு வழியும் வரை காத்திருந்தால் ஓரிரு பார் கூடிப்போகும். சில சமயம் நடுச்சோற்றிலிருந்து நுரை கொப்பளிக்கும். அது உள்ளிருந்து கசியும் காற்று, சாறு அல்ல. ரப்பரை அதிகமாக முறுக்கிக் காம்பு நசுங்கினால் விளிம்பில் தண்ணீர் கசியும். அந்த இலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

ஒரே கொடியின் இரண்டு இலைகளுக்கும் ஒரு பாருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவதாக ஒன்று எடுங்கள். பிரிவின் சராசரியைக் குறியுங்கள். அதோடு, எந்தக் கொடி எப்போதும் அதிகமாகக் காட்டுகிறது என்பதையும் குறித்து வையுங்கள். பெரும்பாலும் அந்த வரிசையில் டிரிப்பர் அடைத்திருக்கும்.

எண்ணைப் படிப்பது

தண்டு அளவுக்கு பிரான்ஸின் போர்தோ ஆய்வாளர்கள் வகுத்த கோடுகள் பரவலாகப் பயன்படுகின்றன. 6 பாருக்குள் வாட்டமே இல்லை. 6 முதல் 9 வரை லேசான வாட்டம். 9 முதல் 11 வரை நடுத்தரத்தின் தொடக்கம். 11 முதல் 14 வரை கடுமையை நோக்கி. 14-க்கு மேல் கடும் வாட்டம்.

வெயில் இலை அளவென்றால் எண் தண்டைவிட இரண்டு மூன்று பார் கூடுதலாக வரும். கலிஃபோர்னியாவில் 10 வரை வாட்டம் இல்லை என்றும், 10 முதல் 12 லேசானது, 12 முதல் 14 நடுத்தரம், 14-ஐத் தாண்டினால் அதிகம் என்றும் கொள்கிறார்கள். நோட்டில் எண்ணோடு இலையா, தண்டா என்று எழுதாவிட்டால் அடுத்த மாதம் உங்களுக்கே புரியாது.

இந்தக் கோடுகள் ஒயின் திராட்சையை வைத்துப் போட்டவை. அங்கே பழம் சிறுத்து, தோல் தடித்து, சாறு அடர்த்தியானால் மகிழ்ச்சி. சந்தையில் பெட்டி கட்டி விற்கும் நமக்கு அது நஷ்டம். அதனால் அவர்கள் 'ஒயினுக்கு அருமை' என்று எழுதியிருக்கும் வாட்டத்தை நாம் பின்பற்றக் கூடாது. நான் பருவவாரியாக இப்படிப் பார்ப்பேன்.

கவாத்து முடிந்து பூ வரும் வரை வாட்டம் வேண்டவே வேண்டாம். தண்டு அளவு 6-ஐ ஒட்டியே நிற்கட்டும். பிஞ்சு பிடித்ததிலிருந்து நிறம் தொடங்கும் வரைதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய காலம். பச்சைப் பிஞ்சிலிருந்து மதிய நேரத்தில் இலை தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிஞ்சு சுருங்கி இரவில் மீளும். தண்ணீர் போதாவிட்டால் முழுதாக மீளாது. அந்த நாட்களில் குறைந்த பருமனைப் பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் திருப்பி வாங்க முடியாது. 8-ஐத் தாண்டவிடாதீர்கள். நிறம் ஏறிய பிறகு கொஞ்சம் கையை இறுக்கலாம்: 9, 10 வரை போவது நிறத்துக்கும் இனிப்புக்கும் நல்லது. அதற்கு மேலே போனால் இலை கொட்டிக் குலைகள் வெயிலில் வெந்துவிடும்.

எண்ணிலிருந்து மோட்டாருக்கு

கருவி எப்போது, கூட்டவா குறைக்கவா என்றுதான் சொல்லும். எத்தனை லிட்டர் என்று சொல்லாது. அதற்குத் தனிக் கணக்கு.

பன்னீர் திராட்சைக்கு வழக்கமான இடைவெளி 3 மீட்டருக்கு 2 மீட்டர். ஒரு கொடிக்கு 6 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஒரு லிட்டர். வானிலை நிலையத்தில் அன்றைய ஆவியாதல் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பந்தல் நன்றாக மூடிய நிலையில் அதில் 0.8 பங்கு கொடி எடுத்துக்கொள்கிறது என்று தொடங்கினால் 4 மில்லிமீட்டர். ஒரு கொடிக்கு 24 லிட்டர். கொடிக்கு 4 லிட்டர் டிரிப்பர் இரண்டு என்றால் மணிக்கு 8 லிட்டர், ஆக மூன்று மணி நேரம். ஏக்கருக்குச் சுமார் 16,000 லிட்டர். கவாத்து முடிந்து பந்தல் வெறிச்சென்று கிடக்கும் வாரங்களில் இந்தப் பங்கு பாதிக்கும் கீழே.

அந்த 0.8 ஓர் ஊகம்தான். அதைத் திருத்தத்தான் அளவெடுப்பு. பிஞ்சுப் பருவத்தில் இரண்டு வாரமாகத் தண்டு அளவு 6-லேயே இருந்து, கொழுந்தும் தறிகெட்டு ஓடுகிறது என்றால் பத்து சதவீதம் குறைத்துப் பாருங்கள். 7-லிருந்து 9-க்கு ஏறிவிட்டது என்றால் முதலில் வரிசை நெடுக நடந்து டிரிப்பர்களைப் பாருங்கள். எல்லாம் சரியாகச் சொட்டுகிறது, மண்ணும் ஓர் அடியில் காய்ந்திருக்கிறது என்றால் பதினைந்து இருபது சதவீதம் கூட்டி, அடுத்த வாரம் மறுபடி அளக்க வேண்டும். எண் கூடியிருக்கிறது, ஆனால் மண் ஈரமாக இருக்கிறது என்றால் மோட்டார் பக்கமே போகாதீர்கள். அது வேர்ச் சிக்கல் அல்லது உப்பு. தண்ணீர் விட்டால் அழுகல் கூடும். போர் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். இராயப்பன்பட்டி அருகே ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நோட்டோடு போனால் பேச்சு சீக்கிரம் விஷயத்துக்கு வரும்.

எண் ஏமாற்றும் நேரங்கள்

காற்று காய்ந்து அடிக்கும் நாளில், கொடியின் காலடியில் குளம் கட்டி வைத்தாலும் எண் ஓரிரு பார் ஏறும். காற்றுதான் இலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது; மண் என்ன செய்யும்? இதற்கு ஒரு நல்ல உபாயம்: பிரிவின் நடுவில் இரண்டு கொடிகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு டிரிப்பர் போட்டு எப்போதும் தாராளமாகத் தண்ணீர் கிடைக்கும்படி வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் அவற்றையும் அளந்து, மற்றவற்றோடு உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். தாராளக் கொடி 8, மற்றவை 8.5 என்றால் அது வானிலை. தாராளக் கொடி 6, மற்றவை 9 என்றால் அது தண்ணீர்ப் பற்றாக்குறை.

ரகத்துக்கு ரகம் குணமும் மாறும். கிரெனாஷ் போன்ற ரகங்கள் தாகம் எடுத்ததுமே இலைத் துளைகளை மூடிக்கொள்ளும். எண் பெரிதாக ஏறாது, ஆனால் இலை வேலை செய்வதை நிறுத்தியிருக்கும். நாசிக் பக்கம் ஒயினுக்காக வளர்க்கும் ஷிராஸ் கடைசி வரை திறந்தே வைத்திருந்து எண்ணை ஏறவிடும். வேர்ச்செடி (ஒட்டுக்கட்ட அடியில் வைக்கும் செடி) மாறினாலும் கதை மாறும். மகாராஷ்டிரத்தில் வறட்சிக்கும் உப்புக்கும் தாங்கும் என்று டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுகிறார்கள். அதனால் அடுத்த தோட்டத்து எண்ணைக் கடன் வாங்காதீர்கள். ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சைக்காரர் சொல்லும் எண் உங்கள் பன்னீருக்கு அப்படியே பொருந்தாது.

மழை பெய்து இரண்டு நாள் கழித்தும், மருந்து அடித்து இலை காய்ந்த பிறகும்தான் அளக்க வேண்டும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பும் கவாத்துக்கு ஒரு வாரம் முன்பும் தண்ணீரை நிறுத்துவது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அந்த நாட்களில் எண் ஏறுவது எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அறுவடைக்கு முந்தைய வாரத்தின் நடுவில் ஒரு தடவை அளந்து பாருங்கள். மணற்பாங்கான மண்ணில் மூன்றாம் நாளே 12-ஐத் தாண்டிவிட்டால், பழம் சுருங்குவதற்குள் அரை மணி நேரம் மட்டும் சொட்டுநீர் ஓடவிடலாம். ஒரேயடியாகப் பயந்து முழுப் பாய்ச்சல் விட்டால் காலையில் வெடித்த குலைகளைத்தான் எண்ண வேண்டியிருக்கும்.